ஒன்று வேண்டாம், இரண்டு!

ஸ்விட்ஜர்லாந்து தேசத்தில் விசித்திரமான சட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒருவர் தம் வீட்டில் ஒரே ஒரு கினிப்பன்றியை வளர்த்தால் அது குற்றம். இரண்டு வளர்க்கலாம், இடம் இருந்தால் இருபது வளர்த்தாலும் ஆட்சேபணை இல்லை. ஒன்றை மட்டும் தனியாக வைத்திருக்கக் கூடாது. 2008-ம் வருஷம் அமலுக்கு வந்த பிராணி ரக்ஷணை விதிகளில் இது ஒன்று. கூடி வாழும் சுபாவமுள்ள பிராணிக்குத் தன் இனத்தின் துணை இருந்தே தீரவேண்டும் என்பது அந்த விதியின் தாத்பரியம்.

வாசகர்களில் சிலர் இதைப் படித்துவிட்டுப் புன்னகை புரியலாம். ஆனால் சட்டம் வந்தபின் அந்நாட்டு மக்களுக்கு ஏற்பட்ட சங்கடம் சாமான்யமானதல்ல. இரண்டு பிராணிகளில் ஒன்று கிழமாகிச் செத்துப் போகிறது. மிஞ்சியதைத் தனியே விடச் சட்டம் இடம் கொடாது. ஆகவே புதிதாக ஒன்றை வாங்கவேண்டும். சில காலத்தில் பழையது போய்விடும். இப்போது புதியது தனி. மறுபடியும் ஒன்று வாங்கவேண்டும். துவாரபாலகர்களைப் போல எப்போதும் இரண்டு பேர் வாசலில் இருந்தே ஆகவேண்டும் என்றால் இதற்கு முடிவுதான் ஏது? அந்நாட்டில் ஒரு மாதரசி இதற்கு வழி கண்டுபிடித்தார். துணையிழந்த பிராணிக்கு அதன் ஆயுள் முடியும் வரை இன்னொன்றை இரவல் கொடுப்பது. பிறகு இரவல் வந்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்வது. நம் ஊரில் கல்யாணத்துக்குப் பாத்திரமும் பந்தல் சாமானும் வாடகைக்குக் கொடுப்பதில்லையா? அம்மாதிரி.

இவ்வளவு பெரிய ஏற்பாடு ஒரு சாண் பிராணிக்கு எதற்காக என்பதுதான் நாம் இங்கே சொல்ல வந்த விஷயம். இப்போது நம் நகரங்களிலும் பிராணிகள் விற்கும் கடைகளில் கினிப்பன்றி சகஜமாய்க் கிடைக்கிறது. குழந்தை ஆசைப்படுகிறது, பிறந்த நாளும் வருகிறது, தகப்பனார், "சரி, சின்னதாக ஒன்று வாங்கிக் கொள்" என்கிறார். அந்த 'ஒன்று' என்ற வார்த்தையில்தான் சகல கஷ்டமும் அடங்கியிருக்கிறது.

முதலில் பெயர் விவகாரத்தைத் தீர்த்துக் கொள்வோம். கினிப்பன்றி, பன்றி அல்ல. ஆப்பிரிக்காவிலுள்ள கினி தேசத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எலி, அணில், முள்ளம்பன்றி முதலான கொறிக்கும் பிராணிகளின் வகுப்பைச் சேர்ந்தது அது. நம் அகராதிக்காரர்கள் 'சீமைப் பெருச்சாளி' என்று பெயரிட்டார்கள். பெருச்சாளி என்றது ஒருவாறு பொருந்தும். சீமை என்றதுதான் பொருந்தாது. அதன் ஜன்மபூமி தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பிரதேசம். இன்று பெரு, பொலிவியா, ஈக்வடார் என்று வழங்கும் நாடுகளில் வாழ்ந்த மக்கள் பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே அதைப் பழக்கி, வீட்டுப் பிராணியாக்கிவிட்டார்கள். கெச்சுவா பாஷையில் அதற்குக் 'குய்' என்று பெயர். அது போடும் சத்தத்தையே பெயராக வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. எவ்வளவு பொருத்தமான பெயர்! பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்தத் தேசங்களைப் பிடித்த பிறகு, கப்பல் வழியாக அது ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. அங்கேதான் இந்தப் பொருந்தாப் பெயர்கள் எல்லாம் அதற்குக் கிடைத்தன. நம்மைத் தேடிக் கப்பலேறி, வேறொரு கண்டத்தில் கரையிறங்கி, அங்கே கண்டவர்களுக்கு 'இந்தியர்' என்று பெயர் சூட்டியவர்கள் அல்லவா? மனிதருக்கே அப்படிப் பெயர் வைத்தவர்கள் ஒரு கொறிப்பிராணிக்குச் சரியான பெயர் வைப்பார்கள் என்று எதிர்பார்ப்பது அதிகந்தான்.

ஆண்டிஸ் மலைவாசிகள் அதை அடுப்பங்கரையில் கூட்டமாக ஓடவிட்டு, புல்லும் காய்கறித் தோலும் போட்டு வளர்க்கிறார்கள். எதற்காக வளர்க்கிறார்கள் என்று கேட்டால், விருந்துக்காகத்தான். நம் வாசகர்களில் சைவ போஜனக்காரர்கள் இந்த வரியைத் தாண்டி விடலாம். நமக்கு வேண்டிய விஷயம், அங்கேயும் அது கூட்டமாகவே வாழ்கிறது என்பது. காட்டிலுள்ள அதன் பங்காளிகளும் புல்வெளிகளில் சிறு சிறு குடும்பங்களாகத்தான் மேய்கின்றன. தனித்து வாழும் கினிப்பன்றி என்று ஒன்றை மனிதர்தாம் உண்டாக்கினார்கள்.

அதன் உருவத்தைக் கவனித்தால் இதற்குக் காரணம் விளங்கும். வளர்ந்த பிராணி ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட நீளம். சுமார் ஒரு கிலோ எடை. வால் கிடையாது. முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் மூன்று. மரம் ஏறத் தெரியாது. மதில் தாண்டத் தெரியாது. பூனையைப் போல் நகத்தால் பிறாண்டவும் தெரியாது. பயப்படுவது ஒன்றுதான் பகவான் அதற்குக் கொடுத்த ஆயுதம். பருந்தின் நிழல் விழுந்தால் சிலையாக நிற்கும், அல்லது புதருக்குள் மறையும். பல ஜோடிக் காதுகள் சேர்ந்து காவல் இருக்கும்போதுதான் அப்படிப்பட்ட பிராணி நிம்மதியாய்ப் புல்லைத் தின்ன முடியும். தனியாக விட்டால் ராப்பகலாய்த் தானே காவல் இருக்கவேண்டும். கூண்டின் மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிராணியைப் பார்த்து, "எவ்வளவு சாது, பாருங்கள்!" என்று விருந்தாளிகள் சொல்வதுண்டு. பல சமயம் அது சாதுத்தனம் அல்ல, திகில்.

இது வெறும் ஊகம் அல்ல. ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரத்துப் பல்கலைக் கழகத்தில் நார்பெர்ட் ஸாக்ஸர் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்து 1998-ல் எழுதியிருக்கிறார்கள். பயமோ கலக்கமோ ஏற்படும்போது உடம்பில் கார்ட்டிஸால் என்னும் ஒரு சுரப்பு ரத்தத்தில் அதிகமாகும். ஒரு கினிப்பன்றியைத் தனியே புதிய கூண்டில் விட்டார்கள், கார்ட்டிஸால் ஏறியது. முன்பின் அறியாத ஒன்றைத் துணையாக விட்டார்கள், அப்போதும் ஏறியது. அதனுடன் உண்மையான பந்தம் கொண்ட துணையை உடன் விட்டபோதுதான், ஏற்றம் வெகுவாய்க் குறைந்தது. ஏதோ ஒரு துணை இருந்தால் போதாது. தன்னுடைய துணை வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. அந்தச் சின்னத் தலைக்குள் இவ்வளவு நுட்பம் இருக்கிறதே!

ஆகையால்தான் 'இரண்டு வாங்குங்கள்' என்பதோடு நாம் நிறுத்திக் கொள்ளவில்லை. ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்து பழகிய இரண்டைத் தேடிப் பிடித்து ஏற்றுக் கொள்ளுங்கள் என்கிறோம். அப்படிப்பட்ட ஜோடி கிடைப்பது கஷ்டமில்லை. ஆசைக்கு வாங்கிவிட்டு, பரீக்ஷை வந்ததும், வீடு மாறியதும், குழந்தையின் ஆசை வேறொன்றில் திரும்பியதும், "யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா?" என்று காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மேல்நாடுகளில் பிராணி ரக்ஷணை இல்லங்கள் இவற்றை வாங்கி வைத்துத் தக்க வீடு பார்த்துக் கொடுக்கின்றன. சேர்ந்து வந்த இரண்டைப் பிரித்துக் கொடுப்பதில்லை. பெண் பார்க்கப் போகிறவர்களை விசாரிப்பதுபோல் வீட்டில் எத்தனை பேர், கூண்டின் அளவு என்ன, வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள் என்று விசாரித்த பிறகே கொடுக்கிறார்கள். அந்தக் கேள்விகளை யாரும் கேளாவிட்டாலும் நமக்கு நாமே கேட்டுக் கொள்வது உத்தமம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜோடி என்றால் தம்பதி என்று அர்த்தமல்ல. அக்காள் தங்கை இருவர் மிகவும் உசிதம். சிறு வயதிலிருந்து சேர்ந்து வளர்ந்த அண்ணன் தம்பி இருவரும், இடம் தாராளமாயிருந்து, அக்கம் பக்கத்தில் பெண் வாசனை இல்லாதவரை, ஒற்றுமையாக இருப்பார்கள். ஆணும் பெண்ணும் வேண்டுமானால் ஆணுக்கு மிருக வைத்தியரிடம் அறுவைச் சிகிச்சை செய்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் நடப்பதைக் கேளுங்கள். ஆண் குட்டி மூன்று நாலு வாரத்திலேயே தகப்பனாகும் தகுதி பெற்று விடுகிறது; பெண்ணும் ஏறக்குறைய அந்த வயதில் தாயாகக் கூடும். கர்ப்ப காலம் 59 முதல் 72 நாள் வரை. குட்டிகள் உடம்பு நிறைய ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் முளைத்த பல்லோடும் பிறந்து, அன்றே புல்லைக் கடித்துப் பார்க்கின்றன. பெற்ற அன்றே தாய் மறுபடி கர்ப்பம் தரிக்கலாம். இரண்டு வாங்கியவர் ஒரு வருஷத்தில் எத்தனைக்குச் சொந்தக்காரர் ஆவார் என்ற கணக்கை, வீட்டில் கணக்குப் படிக்கும் பையன் இருந்தால் அவனிடம் கொடுத்துப் பாருங்கள்.

இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமும் அல்ல. ஆறேழு மாதம் ஆகும் வரை முதல் குட்டி போடாத பெண்ணுக்கு இடுப்பின் முன் எலும்பு இறுகிவிடுகிறது; அதன்பின் கர்ப்பமானால் குட்டி வெளிவர வழியின்றித் தாய் மடியும் அபாயம் மிகவும் அதிகம். கடைக்காரர் 'இரண்டும் பெண்தான்' என்று சத்தியம் செய்தாலும், விஷயம் தெரிந்த வைத்தியரிடம் ஒரு தடவை காட்டி நிச்சயம் செய்துகொள்ள வேண்டியது இதனால்தான்.

ஆகாரத்துக்கு வருவோம். இதில் சரித்திரமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. லவாய்ஸியர் என்ற பிரெஞ்சு ரஸாயன சாஸ்திரி 1782-83 குளிர்காலத்தில் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, அதன் உடற்சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்து, சுவாசம் என்பது மெதுவாக எரியும் தீயே என்று காட்டினார். 1882-ல் க்ஷய ரோகத்தின் கிருமியைக் கண்டுபிடித்த கோக்கும் இந்தப் பிராணியைத்தான் நம்பினார். ஆனால் நம் கதைக்கு வேண்டியவர்கள் நார்வே தேசத்து ஹோல்ஸ்ட், பிரோலிச் என்ற இருவர். அவர்கள் கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டுமே கொடுத்து வந்தார்கள். அவற்றுக்கு ஈறு வீங்கி, மூட்டுகளில் ரத்தம் கசிந்து, பழங்காலக் கப்பல் மாலுமிகளைக் கொன்ற அதே ஸ்கர்வி நோய் வந்துவிட்டது. பச்சைக் காய்கறி கொடுத்தால் வரவில்லை. இது 1907-ல். பிறகு ஹங்கேரி தேசத்து ஸென்ட்-ஜ்யோர்ஜி தாம் பிரித்தெடுத்திருந்த ஒரு பொருளே வைட்டமின் ஸி என்று 1932-ல் நிரூபித்ததும் கினிப்பன்றிகளைக் கொண்டுதான். 1937-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எலிக்கும் நாய்க்கும் பசுவுக்கும் இந்த வைட்டமினை உடம்பே உண்டாக்கிக் கொள்ளும் சக்தி உண்டு. மனிதனுக்கு இல்லை; கினிப்பன்றிக்கும் இல்லை. இந்த ஒரு குறையில் நாமும் அதுவும் சகோதரர்கள். ஆதலால் ஒவ்வொரு பிராணிக்கும் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வரை ஆகாரத்திலிருந்தே போய்ச் சேரவேண்டும். அதற்குப் பிரமாத மருந்தெல்லாம் வேண்டியதில்லை. குடமிளகாயில் ஒரு துண்டு, கொத்தமல்லிக் கீரையில் ஒரு கைப்பிடி, எப்போதாவது கொய்யாவில் ஒரு சிறு கீற்று. குடிக்கும் தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பதால் பிரயோஜனம் குறைவு. தண்ணீரில் அந்தச் சத்து சீக்கிரம் அழிந்து விடுகிறது.

இவையெல்லாம் கறி வகைதான். சாதம் எது என்றால், புல். உலர்ந்த புல் எந்நேரமும் முன்னால் குவிந்திருக்க வேண்டும். இந்தப் பிராணியின் பற்கள் இருபதும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேயவேண்டும். புல் குறைந்தால் பல் நீண்டு, வாய் மூட முடியாமல், ஆகாரம் எதிரிலிருக்கப் பட்டினி கிடக்கும். அதற்கென்று விற்கும் அந்நிய தேசத்துப் புல் விலை அதிகம். நம் ஊர் அறுகம்புல்லை மருந்து தெளிக்காத இடத்திலிருந்து கொண்டுவந்து அலம்பிப் போட்டால் ஆனந்தமாய்த் தின்னும். பிள்ளையாருக்கு உகந்தது அவருடைய வாகனத்தின் சீமை உறவினருக்கும் உகந்ததாயிருப்பதில் ஆச்சரியம் என்ன? வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சாதம், ரொட்டி, பால் இவை ஒன்றும் ஆகாது. வீட்டுப் பாட்டிமார் பிரியமாக ஒரு பிஸ்கோத்தை நீட்டுவார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே விண்ணப்பம் செய்துகொள்வது நல்லது.

பாட்டியின் பேச்சு வந்ததால் அவர்கள் ஆட்சேபணையையும் கவனிக்கவேண்டியதுதான். "பெருச்சாளியையா நடு வீட்டில் வைக்கப் போகிறாய்?" என்று ஆரம்பத்தில் கேட்பார்கள். பெரும்பாலான வீடுகளில் கீரை ஆயும்போது காம்புகளை ஒதுக்கி வைத்து, கூண்டருகில் முதலில் போய் உட்காருகிறவர்களும் அவர்களே.

கூண்டு என்று சொன்னோம். கடைகளில் பளபளவென்று விற்கும் சிறு கம்பிக் கூண்டைச் சொல்லவில்லை. இரண்டு பிராணிக்கு நாலடி நீளமும் இரண்டடி அகலமுமாவது வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் நன்மை. தரை கம்பி வலையாக இருந்தால் பாதம் புண்ணாகிவிடும். மேலே துணியோ வைக்கோலோ பரப்பவேண்டும். ஒளிந்து கொள்ள இரண்டு சிறு அறைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். ஒரே வாசல் இருந்தால் மூத்தது உள்ளே படுத்துக்கொண்டு இளையதை விடாது. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதன் அவசியத்தை நாம் விளக்கவேண்டியதில்லை.

உஷ்ணத்தைப் பற்றி மட்டும் சற்றுக் கண்டிப்பாகச் சொல்லவேண்டியிருக்கிறது. குளிர்ந்த மலைநாட்டுப் பிராணி இது. 27 டிகிரி செல்ஸியஸுக்கு மேற்பட்ட சூடே அதற்குத் துன்பம். நம் பக்கத்துச் சித்திரை வைகாசி வெயிலில், மொட்டை மாடிக் கொட்டகையிலோ தகர ஓட்டின் கீழோ வைத்தால் ஒரே பிற்பகலில் உயிர் போய்விடும். வீட்டிலேயே குளுமையான அறையில், காற்றோட்டமாக, தரையில் சலவைக்கல் போட்டு வைக்கவேண்டும். நடுப்பகலில் பனிக்கட்டியாய் உறைந்த தண்ணீர்ப் புட்டி ஒன்றைத் துணியில் சுற்றி அருகில் வைக்கலாம். வெயில் காலத்தில் அப்படிப்பட்ட ஓர் அறையைக் கொடுக்க முடியாத வீட்டார் இந்த ஆசையை விட்டுவிடுவதே அந்தப் பிராணிக்குச் செய்யும் உபகாரம்.

வியாதி விஷயத்தில் இதைப் போன்ற அழுத்தமான பிராணி இல்லை. காட்டில் நோயாளி என்று காட்டிக்கொண்டால் பருந்துக்கு அது அழைப்பு. ஆகவே வலியை மறைத்தே பழகிவிட்டது. நமக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். வாரம் ஒரு தடவை அடுப்பங்கரைத் தராசில் இரண்டையும் நிறுத்து, எடையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தால், அது மறைப்பதை எண்கள் சொல்லிவிடும். ஒரு நாள் முழுதும் தின்னாமலிருந்தால் குடல் ஓய்ந்து போகிறது என்று அர்த்தம். மறுநாள் பார்த்துக் கொள்ளலாம் என்று விடாமல், அப்போதே வைத்தியரிடம் ஓடவேண்டும்.

குழந்தைக்கு வாங்கி மீந்த மருந்தை இதற்குக் கொடுத்துப் பார்ப்பது மகா ஆபத்து. பெனிஸிலினையே எடுத்துக் கொள்ளுங்கள். கோடிக்கணக்கான மனித உயிர்களைக் காத்த அந்த மருந்து கினிப்பன்றிக்கு விஷம். அதன் குடலில் புல்லைச் செரிக்க உதவும் நல்ல கிருமிகளை அழித்து, அதையும் கொன்றுவிடும். 1940 மே மாதத்தில் ஆக்ஸ்போர்டில் பிளோரியும் அவர் சகாக்களும் பெனிஸிலினைச் சோதித்தது சுண்டெலிகளிடம்; எட்டுச் சுண்டெலிகளில் மருந்து பெற்ற நாலும் பிழைத்தன. அன்றைக்கு அவர்கள் சுண்டெலிக்குப் பதிலாகக் கினிப்பன்றியை எடுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது.

சரியாக வளர்த்தால் ஐந்திலிருந்து எட்டு வருஷம் வரை இருக்கும். பத்து வயதில் ஆசைப்பட்ட பெண், அது கிழமாகும்போது கலாசாலை வாசலில் நிற்பாள். நடுவில் வரும் வருஷங்களில் புல் வாங்குவதும், தினம் கூண்டை அலம்புவதும் யார் வேலை? குழந்தை செய்யும் என்று நினைத்து எடுக்கக் கூடாது. பெற்றோர் தாங்களே செய்வதாக மனத்தில் உறுதி செய்துகொண்டு, குழந்தை உதவி செய்தால் அதை லாபமாக எண்ணவேண்டும். இரண்டில் ஒன்று முந்திப் போய்விடும் என்பதையும் எடுக்கும் அன்றே யோசித்து வைக்கவேண்டியதுதான். அப்போது மிஞ்சியது தேடும். சாப்பாட்டில் சிரத்தை குறையும். நம் ஊரில் இரவல் துணை கொடுக்கும் மாதரசி இல்லை. அதே மாதிரி துணையிழந்த ஒன்றை வைத்திருக்கும் வேறு வீட்டைக் கண்டுபிடித்து, இரண்டையும் புதிய இடத்தில் சந்திக்க வைத்து, சில நாள் பொறுமையாய்ப் பழக்கிச் சேர்க்கலாம். கண்ணாடியும் பொம்மையும் முயலும் அதற்கு ஈடாகா. முயலின் பாஷை வேறு. ஒரு பின்னங்கால் உதை போதும், சின்னப் பிராணியின் எலும்பு முறிய.

இவ்வளவும் தெரிந்து, இன்னும் ஆசை தீராதவர்கள் ஜோடியை வீட்டுக்கு அழைத்து வரலாம். முதல் இரண்டு மூன்று நாள் தொடவேண்டாம். இரண்டும் ஒரே ஒளிவிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு மூக்கை மட்டும் காட்டும். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாய்ப் பேசிக்கொண்டிருந்தால் போதும். ஒரு வாரத்தில் கையிலிருந்து கொத்தமல்லியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். தூக்கும்போது ஒரு கை மார்பின் கீழும் ஒரு கை பின்புறத்திலும் இருக்கவேண்டும். குழந்தைகள் தரையில் உட்கார்ந்த பிறகே மடியில் வாங்கிக்கொள்ள வேண்டும். பயம் தெளிந்த பிறகு ஒரு நாள், இரண்டில் ஒன்று காரணமேயின்றி நின்ற இடத்திலிருந்து பொரி துள்ளுவதுபோல் துள்ளும், மற்றதும் துள்ளும். அது சந்தோஷத்தின் அடையாளம். அப்புறம் குரல் கிளம்பும். சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறந்தால் போதும், காகிதப் பை சரசரத்தால் போதும், கூண்டின் விளிம்பில் முன்னங்கால்களை வைத்து நின்றுகொண்டு "குய்! குய்!" என்று இரண்டும் சேர்ந்து வீடு அதிரக் கூப்பிடும். அதன்பின் அந்த வீட்டில் யாரும் நடு இரவில் ரகசியமாக மைசூர்பாகு எடுத்துத் தின்ன முடியாது.